பிரித்துப் பின்னுதல்

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில், உச்சியில் ஒரு நாலாவது மாடி வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்து ருசாங்கா ஸ்வெட்டரின் கைப்பகுதியைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். மாலை வெயில் ஊசிகளில் பட்டுப்பட்டு நழுவுகிறது. லிஃப்ட் இல்லாத கட்டிடம். கணவர் கெஞ்சோவின் முழங்கால்களுக்கு இனி படி ஆகாது. பக்கத்து அறையில், வீடு பார்க்க வந்த தெமினா சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம். ருசாங்கா ஒரு கண்ணியைத் தவறவிட்டு, பின்னிய வரிசைகளை மளமளவென்று உருவுகிறாள். "வீடு விக்கிறதும் ஸ்வெட்டர் பின்றதும் உனக்கு ஒண்ணுதான். முடியப்போற நேரத்துல பிரிச்சுப் போட்டுடுவ," என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெஞ்சோ கிசுகிசுக்கிறார். "முன்னாடி வந்த ரெண்டு பேரையும் குறையைச் சொல்லிச் சொல்லியே விரட்டின. இந்தப் பொண்ணுகிட்டயாவது வாயை மூடிக்கிட்டு இரு." அவள் நூலைச் சுண்டி இழுக்கிறாள். தெமினா வாசற்படியில் வந்து நிற்கிறாள். "ஏம்மா, மழைக்கு எங்கயாவது ஒழுகுமா?" கெஞ்சோ மனைவியையே பார்க்கிறார். ஊசிகள் இன்னும் வேகமாக உரசுகின்றன. "ஒழுகும். இதோ, என் தலைக்கு மேல இருக்கிற மூலையில. எத்தனை தடவை பூசினாலும் நிக்காது." கெஞ்சோ கண்களை மூடிக்கொள்கிறார். தெமினா அண்ணாந்து பார்க்கிறாள், பார்த்தவள் சிரித்துவிடுகிறாள். "போன வீட்டுல எல்லாம் சொட்டுக்கூட ஒழுகாதுன்னாங்க. நீங்கதான் உள்ளதைச் சொல்றீங்க. எனக்கு இந்த வீடு போதும்மா. எப்போ காலி பண்ணுவீங்க?" ருசாங்காவின் கைகள் நூலோடு அந்தரத்தில் நிற்கின்றன. "சொல்லேன்," என்கிறார் கெஞ்சோ. அவள் ஊசியை உருவிவிட்டு, பின்னிய வரிசைகளை மறுபடி பிரிக்கத் தொடங்குகிறாள்.