உப்பு பார்த்துச் சொல்லவும்

சுன்யோங்கின் நீல வேன் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும் மான்ஸிக் தன் பாய்லர் கடையில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான்.

முழங்கால் இரண்டும் மளுக்கென்றன. அறுபத்து மூன்று வயதில் ஒளிந்து விளையாடினால் வேறென்ன ஆகும்?

"விவாகரத்து ஆகிப் பத்து வருஷம் கழிச்சும் பெண்டாட்டிக்குப் பயந்து ஒளியுற ஒரே ஆம்பளை, இந்த குன்சான் ஊர்லயே நீதான்டா" என்றான் பியோ, காபியை உறிஞ்சியபடி.

பியோவுக்கு மாடியில் பத்திரம் எழுதும் அலுவலகம். எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவனே அவன்தான். போன வாரம் பேச்சுவாக்கில் சட்டம் சொன்னான். கடன் பத்து வருடத்தில் செத்துவிடும். ஆனால் நடுவில் கடன்பட்டவர் 'ஆமாம், பாக்கி இருக்கிறது' என்று வாய் திறந்தாலோ, ஒரு வோன் கைமாறினாலோ, அன்றிலிருந்து மறுபடியும் பத்து வருடம்.

மான்ஸிக் அன்றே வீட்டு அலமாரியைக் குடைந்து அந்தக் கடன் தாளைத் தேடி எடுத்தான். விவாகரத்து முடிந்த மத்தியானம், கோர்ட்டுக்கு எதிர்க்கடையில், நூடுல்ஸ் ஆறிப்போக இருவரும் உட்கார்ந்து எழுதியது. மூன்று கோடி வோன்.

இன்றோடு பத்து வருடம் முடிகிறது.

சுன்யோங்குக்கும் தேதி மறக்கவில்லை போலிருக்கிறது. காலையிலேயே போன். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தாள். மான்ஸிக் பாய்லர் வெடித்துவிட்டது என்று கூசாமல் புளுகி, போனை வைத்துவிட்டான்.

அந்தப் பணம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மகள் யுரிமின் கல்யாணத்தில் பெற்றோர் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. இன்று ஒரு நாள் அவளிடம் சிக்காமல் இருந்துவிட்டால் சனியன் தொலைந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. பெட்டிகளின் இடுக்கில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தன.

"அவன் ரிப்பேருக்குப் போயிருக்கான்ம்மா. குளிர் ஆரம்பிச்சாச்சுல்ல" என்றான் பியோ.

"பரவால்ல. கிம்ச்சி போட்டேன், குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மேஜைமேல் கனமாக ஏதோ அமர்ந்தது. வருடா வருடம் இந்த முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பெட்டி மருமகன் கையில் வரும். வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று அவனும் ஆரஞ்சை நிரப்பி மருமகனிடமே கொடுத்தனுப்புவான். இந்த வருடம்தான் அவளே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வந்ததும் ஒரு வாய் தின்னு பாக்கச் சொல்லுங்க. உப்பு தூக்கலோன்னு சந்தேகமா இருக்கு."

இதை பாய்லர் பெட்டிகளைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

வேன் கிளம்பிப் போனது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மான்ஸிக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றம்.

வெளியே வந்தான். காலையிலிருந்து பட்டினி வேறு. பூண்டும் இறாலும் மணக்க, மூடியைத் திறந்து தூரப் போட்டுவிட்டு, கையாலேயே ஒரு இலையைக் கிழித்துச் சுருட்டி வாயில் போட்டான். உப்பு கச்சிதமாக இருந்தது. இன்னொன்று. இன்னும் ஒன்று.

பியோ மூடியை எடுத்தான். உட்புறம் ஒரு பாலித்தீன் உறை ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த சீட்டை உரக்கப் படித்தான்.

"யுரிம் அப்பா, நான் உங்களுக்குத் தர வேண்டிய மூணு கோடிக்கு இது வட்டி."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"முழுங்கிட்டியா?" பியோ மேஜையைத் தட்டிச் சிரித்தான். "போச்சு. ஒளிஞ்சதெல்லாம் தண்டம். இன்னும் பத்து வருஷத்துக்கு அவ உனக்குக் கடன்காரிதான்!"

இருவரும் சேர்ந்து நடத்தி, விவாகரத்தில் அவளிடம் போன மீன் சூப்புக் கடையில் அவனுடைய பங்குதான் அந்த மூன்று கோடி. கடை நொண்டியடித்தது, அவளால் கொடுக்க முடியவில்லை. அவன் கேட்டதும் இல்லை. கேட்காததாலேயே அவள் அவன் எதிரில் தலை நிமிரவில்லை. கடன் செத்தால் அவள் நிமிர்ந்து உட்காருவாள் என்றுதான் இத்தனை கூத்தும். அவளைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"பின்னாடி இன்னும் ரெண்டு வரி இருக்குடா" என்று பியோ சீட்டைத் திருப்பினான்.

"நான் கொடுத்து முடிக்கிற வரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க. இந்தத் தடவை பெட்டியை நீங்களே கொண்டு வாங்க, உப்பு எப்படின்னு நேர்ல சொல்லுங்க."

வழக்கமாக அந்தப் பெட்டி காலியாக வசந்தம் வரை ஆகும். இந்த முறை அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

மான்ஸிக் குக்கரில் சோறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எழுந்து போனான்.