எதிர்ப்பக்கத்து சர்வர்

“காலையிலருந்து அனுப்பினது அத்தனையும் திரும்பி வந்துக்கிட்டிருக்கு. நீ என்னதான் பண்றே?”

மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதும் சர்வர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அந்த அறையில் அவனுக்கு அதுதான் பெயர். வந்த புதிதில் “சர்வர், ரெண்டு காபி” என்று கேலி செய்தவர்கள்கூட இப்போது அவனோடு பேசுவதில்லை.

“இன்னிக்கு லிஸ்ட்ல இருக்குறது பூரா ஒரே கம்பெனி ஆளுங்க சார். எதிர்ப்பக்கத்து சர்வர் நம்மளத் தடுத்து வெச்சிருக்கு.”

“தடுத்தா எடுத்து விடு. அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்? மெயில் போற வரைக்கும் இங்க யாருக்கும் சாப்பாடு கிடையாது.”

பக்கத்து மேசையில் டீச்சரின் விரல்கள் அப்படியே நின்றன.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். விளம்பரம் எழுதும் வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பி வந்தாள். ஜன்னல் மூடிய வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, செல்போனைப் பிடுங்கி, கதவை வெளியே பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று முகம் தெரியாத ஜனங்களுக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எழுத மாட்டேன் என்றவர்களைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனதைப் பார்த்த பிறகு யாரும் மறுப்பதில்லை. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட். வெளியே இருப்பது எந்தத் தெரு என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

மெயில்கள் திரும்பி வருவதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்றைக்கு ஒருநாளாவது அந்தக் கம்பெனிக்காரர்கள் தப்பித்தார்கள்.

மேனேஜர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “எதுக்கு விழுந்து விழுந்து சரி பண்றே? திரும்பி வந்தா வந்துட்டுப் போகட்டுமே.”

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “போகணும் டீச்சர். போயே ஆகணும்.”

அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு முழிப்பது ஒன்று. அடைத்து வைத்தவனுக்கே இப்படி வாலாட்டுவதா?

மதியத்துக்கு மேல் அவனே மேனேஜரைக் கூப்பிட்டான். “நான் என்ன பண்ணாலும் எடுபடலை சார். அந்தக் கம்பெனி சர்வரைப் பாத்துக்குறவங்ககிட்ட போன்ல பேசிக் கேட்டாத்தான் தடையை எடுப்பாங்க.”

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முதலாளியின் போன் காலையிலிருந்து அவரையும் விட்டபாடில்லை. “ஸ்பீக்கர்லதான் பேசணும். மெயிலைத் தவிர வேற ஒரு வார்த்தை வந்துச்சு, அதோட தொலைஞ்சே. நம்பரைச் சொல்லு.”

சர்வர் எங்கேயும் பார்க்காமல் நம்பரைக் கடகடவென்று சொன்னான். என்ன ஒரு விசுவாசம் என்று டீச்சர் பல்லைக் கடித்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

“வணக்கம் மேடம். நாங்க அனுப்புற மெயில் எதையும் உங்க சர்வர் வாங்க மாட்டேங்குது. அது விஷயமாப் பேசுறேன்.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வந்த குரல் படு கறாராக இருந்தது. “ரொம்ப நாளா உங்ககிட்டருந்து ஒண்ணுமே வரலையே. இப்ப என்ன திடீர்னு? எங்கருந்து அனுப்புறீங்க? முழு முகவரி வேணும்.”

“முகவரி கட்டாயமா மேடம்?”

“எங்கருந்து வருதுன்னு தெரியாததை உள்ள விட மாட்டேன். பொய் சொன்னீங்கன்னா மொத்தமா அடைச்சிடுவேன். அப்புறம் தலைகீழா நின்னாலும் போகாது.”

சர்வர் மேனேஜரைப் பார்த்துக் கையை விரித்தான். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கீழே இருக்கும் மெத்தைக் கடையைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கடையின் பெயரையும் தெருவையும் அவன் காதில் சொன்னார். அவன் அதை உரக்க, திருத்தமாகச் சொன்னான். தாங்கள் எந்தத் தெருவில் அடைந்து கிடக்கிறோம் என்பது டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“எத்தனை பேர் அனுப்புறீங்க?”

“முப்பது பேர் மேடம். எல்லாரும் மூணாவது மாடியில.”

“சரி. பாத்துட்டு எடுத்து விடுறேன். அதுவரைக்கும் எதையும் மாத்தாம அப்படியே இருங்க.”

சாயங்காலம் மெயில்கள் போகத் தொடங்கின. சாப்பாடும் வந்தது. மேனேஜர் சர்வரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். டீச்சர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் முகம் தெரியாத மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, கீழே தடதடவென்று பூட்ஸ் சத்தம். பூட்டை உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே நுழைந்தது. மேனேஜரைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டினார்கள். மற்றவர்கள் சுவரோரமாக ஒண்டி நின்றார்கள்.

“இங்க மெயில் சர்வரைப் பாத்துக்குற ஆள் யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “இதோ, இவன்தான் சார். நாங்க அடிக்குப் பயந்து எழுதினோம். இவன் ஆசைப்பட்டுப் பண்ணினான். இவன் இல்லைன்னா நேத்து ஒரு மெயில்கூட வெளிய போயிருக்காது.”

சர்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இன்ஸ்பெக்டர் அவனருகில் போனார். விலங்கை எடுக்கப்போகிறார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவனிடம் நீட்டினார்.

நேற்றுக் கேட்ட அதே கறார்க் குரல், இப்போது உடைந்து வந்தது.

“அக்கா பேசுறேன்டா. சாப்பிட்டியா?”