நீல மூடி பாட்டில்

"முடியாதுன்னா முடியாது! ஆபீசுக்கு அதைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியே, உனக்கே..."

"என்னமோ வெடிகுண்டைக் கையில கொடுத்த மாதிரி குதிக்கிறீங்க! ஒரு பாட்டில்ங்க, ஒரே ஒரு..."

"உள்ள என்னன்னு கேட்டா? எலுமிச்சை ஜூஸுன்னு சொல்லவா?"

"யாருங்க கேட்கப் போறாங்க?"

"பக்கத்து சீட்டுக்காரன் கேட்பான். டிபன் பாக்சையே மோந்து பார்க்கிற ஆளு அவன். ஜூஸுன்னா ஒரு வாய் கொடுன்னு வேற நிப்பான்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு மேசை மேல் நீல மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பாட்டில் உட்கார்ந்திருந்தது. இன்று காலையிலிருந்து நாளைக் காலை வரை, அவள் கணவருடைய சிறுநீர் ஒரு சொட்டு விடாமல் அதில் சேர வேண்டும். அவளுடைய வேலை அதில்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் பதவி; அதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அரசாங்கம் எந்தச் சட்டம் போட்டால் ஜனங்களின் சாப்பாடு எப்படி மாறும், எத்தனை பேர் நோயிலிருந்து தப்புவார்கள் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. அவளுடைய கணக்கு உப்பைப் பற்றியது. கடையில் விற்கிற ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியவே தெரியாது, ஊருக்கே ரத்த அழுத்தம் இறங்கும் என்பாள்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் மடக்கியிருக்கிறார். "நாக்குக்குத் தெரிஞ்சு, அவங்கவங்க மேலே உப்பைத் தூவிக்கிட்டா உங்க கணக்கு என்ன ஆகும்?"

இவளும் பதற்றத்தில் வாயை விட்டுவிட்டாள். "எங்க வீட்டுலயே செஞ்சு பார்த்துட்டேன் சார். உப்பைப் பாதிக்குப் பாதி குறைச்சுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"வாய் ஆயிரம் சொல்லும்மா. சிறுநீர் பொய் சொல்லாது; தின்ன உப்பெல்லாம் அதுல வந்துடும். அவரோடதை ஒரு நாள் முழுக்கப் பிடிச்சுக் கொடுங்க. ஒரு வீடு போதாதுதான். ஆனா உங்க கணக்கை நீங்களே நம்பறீங்களான்னு நான் பார்க்கணும்."

"இப்போ இருக்கிற வேலையில என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுங்க," என்றாள் இப்போது. "இதுவும் போச்சுன்னா, இன்னொரு இடத்துல என்னை எவன் கூப்பிடப் போறான்?"

அவர் மறுத்ததற்கு வேறு காரணம் இருந்தது.

அவள் உப்பைக் குறைத்த முதல் மாதமே அவர் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. பாவம், ராத்திரி பகலாகப் படிக்கிறாள், உப்புப் போட மறந்துவிடுகிறாள் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் ஆபீஸ் டிராயரில் ஒரு சின்ன டப்பா வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டில் தாராளமாகத் தூவிக்கொள்வார். வீட்டில் "பிரமாதம்" என்பார். அந்தப் பிரமாதத்தைத்தான் இவள் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் சாட்சி வைத்திருக்கிறாள்! நேற்றுதான் விஷயத்தையே அவரிடம் சொன்னாள்.

"சரி, இன்னிக்கு ஒரு நாள்தானே? இன்னும் கொஞ்சம் உப்பைக் குறைச்சே போடேன்," என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் ஏமாத்த முடியாது. உடம்புல ஏறின உப்பு இறங்க நாலஞ்சு நாள் ஆகும். நீங்க எப்பவும் போல இருங்க, போதும்."

போச்சுடா என்று உட்கார்ந்தவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்போ நீயும் ஒரு பாட்டில்ல பிடி, விஞ்ஞானியம்மா. நான் மட்டும் கோமாளியா?"

"என்னோடதை யாரு கேட்டாங்க?"

"யாரும் கேட்க வேணாம். துணைக்கு. இல்லேன்னா நான் தொட மாட்டேன்."

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறாள்; எல்லாம் நேர்முகப் பயம். "சரி, பிடிச்சுத் தொலைக்கிறேன்," என்று உள்ளே போய்ச் சிவப்பு மூடி பாட்டிலை எடுத்து வந்தாள்.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்து பஸ்ஸில் போய் வந்தார். மதியம் கை தானாக டிராயருக்குப் போனது, சட்டென்று இழுத்துக்கொண்டார். இனி என்ன, வெள்ளம் வந்த பிறகு அணை போட்டு?

மறுநாள் காலை அவள் அடுப்படியில் இருந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூடிகளை மாற்றிப் போட்டார். நீல மூடி அவள் பாட்டிலுக்குப் போனது. அந்த உப்பில்லாச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் தினமும் சாப்பிடுகிறவள் ஆயிற்றே! அவளைக் காப்பாற்ற அவளைவிட நம்பிக்கையான ஆள் யார்?

ஆய்வகத்து ஆள் ஸ்கூட்டரில் வந்தான். நீல மூடியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். மத்தியானமே முடிவு பேராசிரியருக்குப் போய்விடும் என்றான். வண்டி தெருமுனையை நோக்கி நகர்ந்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளைங்க, உங்களோடதை மட்டும் கேட்டாங்க. என்னோடது போயிருந்தா மானம் கப்பலேறியிருக்கும். உப்பில்லாம எனக்கு ஒரு வாய் இறங்காது. கைப்பையில டப்பா வெச்சு மூணு வேளையும் கொட்டிக்கிறேன். உங்க ஒரு நாக்கை நம்பித்தான் அந்த வேலைக்கே... ஏங்க, எங்கே ஓடறீங்க, செருப்புகூடப் போடாம?"