காத்திரு என்று ஒரு வரி

அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ, அப்படி எதுவும் இங்கே இல்லை என்று கையை விரித்தது.

இந்த வயர்லெஸ் அடாப்டரை வடிவமைத்தவர் என் கணவர். எந்த ஒயரில் அதற்கு மின்சாரம், எந்த ஒயரில் தட்டினால் அது விழிக்கும் என்றெல்லாம் கம்ப்யூட்டரில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு விவரித்து எழுதுவது என் வேலை. சந்தேகம் வந்தால் திரும்பி அவரைக் கேட்பேன். ஒரே மேஜை, ஓயாத சண்டை.

இப்போது அவர் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு மாதமாகிறது. பேச்சு வருகிறது. ஆனால் கேட்டதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை. இது என்ன மாதம் என்று டாக்டர் கேட்டால் தன் பெயரைச் சொல்கிறார்.

மாதம் தெரியாவிட்டால் போகட்டும். என்னைத் தெரிந்தால் போதும் எனக்கு.

கம்ப்யூட்டர் தானே குறித்து வைத்திருந்ததை வரி வரியாகப் பார்த்தேன். மின்சாரம் கொடுத்த கையோடு, நீ யார் என்று அடாப்டரைக் கேட்டிருக்கிறது. பதில் இல்லை. பொறுமை ஏது? உடனே, உன் வேகம் என்ன என்று அடுத்த கேள்வி. அதற்கு வந்திருந்தது ஏதோ சம்பந்தமில்லாத எண்.

உற்றுப் பார்த்தேன். அது அடாப்டரின் அடையாள எண். முதல் கேள்விக்கான சரியான பதில், இரண்டாவது கேள்விக்கு நேராக வந்து உட்கார்ந்திருந்தது.

எழுப்பிய பிறகு கொஞ்சம் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். அடாப்டர் சமர்த்தாகக் கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டது.

“பாருங்க, உங்க பிள்ளை வாயத் தொறந்துட்டான்” என்று அவர் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மாதத்தைக் கேட்பதற்கு முன்னால் அவர் பெயரைத்தான் டாக்டர் கேட்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் நான் அவர் எதிரில் உட்கார்ந்து, நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்த நாத்தனார், தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலைக் கேட்டு, அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

“அண்ணி, அண்ணன் என்னைப் பாத்து ‘எம் பொண்டாட்டி’ங்கறாரு.”