குறுக்கே ஓடுகிறவள்

“ஏய், நில்லு. படியெல்லாம் பாசி, வழுக்கும். நில்லுன்னு சொல்றேன்ல.”

காவலாளி தடியை ஓங்கிக்கொண்டு துரத்தினார். அதற்குள் அந்தப் பெண் படியின் ஓரத்தில் கால்வைத்துத் தாவி, நீச்சல் குளத்தை ஒட்டிப் பறந்து, துறைமுகத்துப் பக்கக் கதவு வழியாக வெளியே போயே போய்விட்டாள்.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விடுதி மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் சட்டென்று குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று மேலாளருக்குப் புரிந்தது. என்ன சிரிப்பு என்றுதான் புரியவில்லை.

அந்தக் கடற்கரை விடுதி வருவதற்கு முன்பே, அது நிற்கும் இடத்தின் நடுவில் ஊர்ஜனம் நடந்த பாதை ஒன்று இருந்தது. கலங்கரை விளக்கத்தையும் துறைமுகத்தையும் சேர்க்கும் குறுக்கு வழி. விடுதி முதலாளி அதை அடைக்கப் பார்த்தார். ஊர் வழக்குப் போட்டது. ஊர் இன்னும் அந்த வழியைப் புழங்குகிறதா என்று அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அதுவரை கதவுகளைப் பூட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளர் அசரவில்லை. “பூட்டக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க. விரட்டக் கூடாதுன்னு சொல்லலையே” என்றார். உள்ளூர் ஆள் ஒருவரைக் காவலுக்குப் போட்டுக் கையில் தடியையும் கொடுத்தார்.

நன்றாகவே வேலை செய்தது. வம்பு எதற்கு என்று ஊர் நெடுஞ்சாலையைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டது. கூடையைத் தலையில் சுமந்து வரும் மீன்காரப் பெண்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிவிட்டார்கள்.

இவள் ஒருத்திதான் மசியவில்லை.

பூந்தொட்டிகளை நெருக்கமாக அடுக்கி வழியை மறித்துப் பார்த்தார்கள், தாண்டிப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாதையைச் சேறாக்கினார்கள். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். கடைசியில் மேலாளரே ஒரு காலையில் பாதையின் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அவளும் நின்றாள். ஆனால் கால்கள் ஓயவில்லை. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஓடுறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா?”

“நிறைய இருக்கு சார். ஐஸ் கம்பெனியைச் சுத்தி ஒரு வழி, அலைத்தடுப்புச் சுவர் மேல ஒரு வழி, மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால ஒரு வழி. எல்லாம் இங்க வந்துதான் சேருது. நடுவுல நீங்க நிக்கிறீங்க.”

“போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்.”

“குடுங்க. எந்த வழியில ஓடினேன்னு எழுதிக்குவாங்கல்ல? அது போதும் எனக்கு.”

அவள் மேலாளரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போயே விட்டாள். பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த காவலாளி, “முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது சார்” என்று காலைத் தேய்த்துக்கொண்டார்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. மேலாளர் காவலாளியைத் தனியாக அழைத்தார்.

“இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

காவலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

உச்சி வெயிலில் ஜீப் வந்து நின்றபோது பாதையில் ஈ காக்கை இல்லை. அதிகாரி இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக நடந்து பார்த்தார். மேலாளர் குளிர்பானத்தை நீட்டிக்கொண்டே கூட நடந்தார். எல்லாம் நினைத்தபடிதான் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது அதிகாரி காவலாளியிடம் நின்றார்.

“இங்க ஆள் நடமாட்டமே இல்லையாமே?”

காவலாளி தொண்டையைச் செருமினார். மேலாளரை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒரு பொண்ணு தினமும் ஓடுதுங்கய்யா. நானும் தினமும் துரத்துறேன். துரத்துறதுக்குத்தான் என்னை வேலைக்கே வெச்சிருக்காங்க.”

“மத்தவங்க?”

“அவங்களும் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. தடியைக் காட்டி நான்தான் நிறுத்தினேன்.”

அதிகாரி குளிர்பானத்தை அப்படியே மேசையில் வைத்தார். “விரட்ட ஆள் போட்டிருக்கீங்கன்னா, வழியில ஆள் வருதுன்னுதானே அர்த்தம்? பாதை ஊரோடதுன்னுதான் எழுதப்போறேன். இனிமே தடியெல்லாம் வேணாம்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கியதும் மேலாளர் காவலாளி பக்கம் திரும்பினார். முதலாளிக்கு இனி என்ன பதில் சொல்வது?

“சம்பளம் வாங்கிக்கிட்டு எனக்கே குழி பறிச்சுட்டல்ல? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலைகாட்டாத.”

காவலாளி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்த மேலாளருக்கு அந்த நிதானம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“இத்தனை நாள்ல ஒரே ஒரு தடவை அவளைப் பிடிச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? ஒரு பொண்ணைப் பிடிக்கத் துப்பில்லை. நீயெல்லாம் ஒரு காவலாளி.”

கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“நான் பெத்த பொண்ணு சார் அவ. பிடிக்கிறதுக்கா ஓடக் கத்துக்கொடுத்தேன்?”