ஒரு பிழையும் இல்லை

தங்கையிடமிருந்து வந்திருந்த அந்த மெசேஜில் ஒரு பிழைகூட இல்லை. அதைப் பார்த்ததும்தான் அக்காவுக்குப் பயம் வந்தது.

"அக்கா, உடனே வீட்டுக்கு வா. பின்பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். எக்காரணம் கொண்டும் போன் செய்யாதே."

செய்தி சேனலில், திரையின் அடியில் ஓடும் வரிகளைத் திருத்துவது அக்காவின் வேலை. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி நெளிவாள். இந்த மெசேஜில் கமா, புள்ளி, ஒற்று எல்லாமே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அதுதான் இடித்தது. கல்யாணமாகிப் போகும்வரை தங்கை அவளோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவள். மெசேஜுக்கு அவசியமே வந்ததில்லை. ஊரின் மறுகோடிக்குக் குடிபோன பிறகுதான் அவள் எழுதும் லட்சணம் தெரிந்தது. போன் செய்தால் எடுக்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில், "நா நல்லா இருகன் அக்கா. வேல அதிகம். அப்பரம் பேசரன்" என்று வரும்.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "ஒற்றுப் போட்டு எழுதுடி, கண்ணு வலிக்குது" என்று அனுப்பினாள். "சாட்ல யாரு அக்கா இலக்கனம் பாக்கரா" என்று பதில் வந்தது. இலக்கணத்திலேயே பிழை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எப்படி எழுதினால் என்ன, நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால் போதாதா என்று விட்டுவிட்டாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. இதை எழுதியது தங்கை இல்லை. எவனோ வீட்டுக்குள் புகுந்திருக்கிறான். அவள் போன் அவன் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அவள்?

தங்கையின் கணவரைக் கூப்பிட்டாள். டயர் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"மாப்பிள்ளை, அவ போன்லருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கு. அவ எழுதினது இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

மறுமுனையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. பிறகு, "என்ன எழுதியிருக்கு? முழுசாப் படிங்க அண்ணி" என்றார்.

படித்தாள்.

"பின்பக்கக் கதவா?" குரல் நிதானமாகவே இருந்தது. "நீங்க வராதீங்க. நான் போறேன்."

"போலீசுக்கு ஒரு வார்த்தை..."

"வேணாம். ஆளு உஷாராயிடுவான்."

அவள் மாடிப்படியில் இறங்கும்போதே அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. "பயபடாதிங்க அண்ணி. நா பாத்துகரன்." பாவம், அவருக்கும் கை ஓடவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

வராதே என்றால் வராமல் இருக்க முடியுமா? கீழே சேனல் கார் நின்றுகொண்டிருந்தது.

"டிரைவரண்ணே, என் தங்கச்சி வீடு வரைக்கும் போகணும். எதுக்குன்னு கேக்காதீங்க."

"கேக்கலம்மா. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது." அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பின்சந்தில் ஈ காக்கை இல்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் கம்பியோடு முன்னால் போக, அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நுழைந்தாள். தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தவள், உள்ளே எவனாவது இருப்பான் என்று மூடிக்கொண்டாள்.

சமையலறை மூலையில் ஏதோ அசைந்தது. டிரைவர் கம்பியை ஓங்கிவிட்டார்.

தங்கைதான். கன்னம் ஒட்டி, ஆள் பாதியாக இருந்தாள். மார்போடு ஒரு துணிப்பை.

"உள்ள யாருடி இருக்கான்?" என்றாள் அக்கா கிசுகிசுப்பாக.

"யாரும் இல்ல. வாக்கா, போயிடலாம்." அவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் நெளிந்தது.

கார் சந்து முனையில் திரும்பும்போது, எதிரே மாப்பிள்ளையின் பைக் சீறிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது.

"அப்பாடா, வந்துட்டார். வண்டியை நிறுத்துங்கண்ணே."

அதற்குள் தங்கை சீட்டுக்குக் கீழே சரிந்து, முழங்காலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். "நிறுத்தாதீங்க." குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தார். பைக் அவர்களைக் கடந்து சந்துக்குள் போனது.

பெரிய சாலையின் நெரிசலில் கலந்த பிறகுதான் தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"உன் போன் யாருகிட்டடி இருந்துச்சு? இன்னைக்கு எனக்கு மெசேஜ் போட்டது யாரு?"

"நான்தான். இன்னைக்குத்தான் போன் என் கைக்குக் கிடைச்சுது."

"பொய் சொல்லாத. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? இத்தனை மாசமா நீ அனுப்பினதெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

தங்கை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் அவர் எழுதினதுக்கா."