குக்கிக்கு விழுந்த ஓட்டு

“இனி ரெண்டு வகை இல்லை. பிஸ்கட் எண்டால் பிஸ்கட், குக்கி எண்டால் குக்கி. ஏதோ ஒண்டு. நீங்களே கையைத் தூக்கி முடிவெடுங்கோ,” என்றாள் மயூரி.

ஸ்காபரோ தமிழ் முதியோர் சங்கத்தில் புதன்கிழமைத் தேநீருக்குப் பொறுப்பு அவள்தான். பாதிப் பேர் ஒன்றைத் தொடுவதில்லை. மீதிப் பேர் மற்றதைத் தொடுவதில்லை. திறந்த பெட்டியெல்லாம் நமுத்துக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சிவபாதம் எழுந்தார். முழங்கால் நோவென்று போன இரண்டு புதனும் வராதவர், இன்று இதற்காகவே வந்திருந்தார். பாராளுமன்றத்தில் பேசுகிறவர் போல வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு? பிஸ்கட்தான். கடிச்சால் சத்தம் கேக்கவேணும். உந்தக் குக்கி என்ன, அரைவேக்காட்டு மா. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற சாமான்.”

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் கிடந்து, ஒரே பக்கெற்றில் பிஸ்கட் தின்றவர்கள் சிவபாதமும் நவரட்ணமும். பிறகு ஆளுக்குப் பின் ஆளாக ஸ்காபரோ வந்து சேர்ந்தார்கள். லண்டன் மட்டும் இன்னும் சிவபாதத்தை விட்டுப் போகவில்லை.

பிஸ்கட் தோய்ப்பதில் அவரை வெல்ல ஆள் கிடையாது. தேநீரில் அமிழ்த்துவார். மூன்று எண்ணுவார். எடுப்பார். ஒரு துளி சிந்தாது. ஈஸ்ட்ஹாமில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிவபாதம் எண்ணுகிற மூன்றைக் கேட்டுத்தான் தன் மணிக்கூட்டைத் திருத்துவார் என்று ஒரு கதை உண்டு. சொன்னவரும் சிவபாதம்தான்.

“சார், அமெரிக்காவுல பிஸ்கட்னா அதுவே வேற,” என்றார் செந்தில்நாதன். சென்னைக்காரர். மகனோடு டெக்சாஸில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர். “நம்ம பன் மாதிரி மெத்துனு இருக்கும். காலைல அது மேல குழம்பு ஊத்தித் தருவாங்க.”

“பிஸ்கட்டுக்குக் குழம்போ?” சிவபாதம் நண்பர் பக்கம் திரும்பினார். “நவம், கேட்டியே? உவங்களுக்குச் சுதந்திரம் குடுத்திருக்கவே கூடாது.”

“அதை விடுங்க சார். குக்கி பல்லுக்கு சுகம். அப்படியே வாயில போட்டாக் கரைஞ்சிடும்.”

“தேத்தண்ணிக்குள்ளை வைச்சாலும் கரைஞ்சு அடியிலை போயிடும்.”

“அதை ஏன் சார் முக்கணும்?”

“தோய்க்காமல் குடிக்கிறதுக்குப் பேர் தேத்தண்ணியே? குக்கி வந்தால் நான் இந்தப் படி மிதிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்.”

மயூரி எண்ணினாள். பிஸ்கட்டுக்குப் பதினொரு கை, சிவபாதத்தின் இடது கையோடு சேர்த்து. குக்கிக்கும் பதினொரு கை. நவரட்ணத்தின் கை மட்டும் எதற்கும் எழும்பவில்லை.

“அங்கிள், நீங்கள்?”

“அவனை என்ன கேள்வி? பிஸ்கட்டிலை எழுது பிள்ளை,” என்றார் சிவபாதம்.

நவரட்ணம் தொண்டையைச் செருமினார். “குக்கி.”

செந்தில்நாதனே திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏன்ரா நவம்?” சிவபாதத்தின் குரல் இறங்கிவிட்டது.

“எனக்கு அது பிடிச்சுப்போச்சு.”

“நாப்பது வருசமாய் என்னோடை இருந்து தோய்ச்சவன் நீ.”

“இப்ப பிடிச்சுப்போச்சு.”

“கட்சி மாறுறவன் தேர்தலுக்கு முந்தியெண்டாலும் சொல்லவேணும்,” என்றது பின்வரிசை. “துரோகி,” என்றது அதற்கும் பின்வரிசை. சிவபாதம் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை, படி மிதிக்கமாட்டேன் என்றவர் எல்லோருக்கும் முதல் வந்து உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவு கேவலமான சாமான் எண்டு பாக்க வந்தனான்,” என்றார்.

முதல் குக்கியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாவதைக் கொஞ்சம் குறைவாகத் திட்டினார். மூன்றாவது வாய்க்குள் இருந்ததால் திட்ட வசதிப்படவில்லை. பிறகு, குளிருக்கு இதமென்று கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டுக் கதையைச் செந்தில்நாதனுக்கு முதலிலிருந்து சொன்னார். இந்தமுறை அந்தத் தெருவில் இருந்த அத்தனை மணிக்கூடும் திருத்தப்பட்டன.

திரும்பும்போது காருக்குள் நவரட்ணத்தின் மனைவி பாலேஸ்வரி அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். ரிஸ்யூத் தாளில் சுற்றிய குக்கி. ஒரு கடி மட்டும் கடித்தது.

“வாயிலை வைக்கேலாமல் ஒளிச்சுக்கொண்டு வாறியள். பிறகேன் உதுக்கு ஓட்டுப் போட்டனீங்கள்? சனம் முழுக்க உங்களைத் துரோகி எண்டுது.”

“குக்கியைத் தோய்க்கத் தேவையில்லை.”

“அதுக்கு?”

நவரட்ணம் காரைக் கிளப்பினார்.

“சிவபாதத்துக்கு வலது கை நடுங்குது. போன மாசம் ஒரு நாள் அவன்ரை பிஸ்கட் மூண்டுதரம் கோப்பைக்குள்ளை விழுந்தது. நான் காணாதமாதிரித்தான் இருந்தனான். அடுத்த ரெண்டு புதனும் அவன் வரேல்லை.”